உளநோய் உள்நோயாளிகளின் உடல் எடை அதிகரிப்பு

உளநோய் உள்நோயாளிகளின் உடல் எடை அதிகரிப்பு என்பது, மனச்சிதைவு, இருமுனையப் பிறழ்வு, கடும் மனச்சோர்வு முதலிய உளநோய்களுக்காக மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெறுவோரிடம், சேர்க்கப்பட்ட சில வாரங்களுக்குள் தொடங்கிக் காணப்படும் எடை ஏற்றத்தைக் குறிக்கும். உளப்பிணி எதிர் மருந்துகள் இதன் முதன்மைக் காரணமாகக் கருதப்படுகின்றன. எனினும் மருந்து மட்டுமே காரணமன்று. பசியையும் நிறைவையும் உணரும் முறை, கவலையை உணவால் ஆற்றிக்கொள்ளும் பழக்கம், விடுதி வாழ்வின் சலிப்பு, நோயினால் வரும் ஊக்கமின்மை, குடும்பத்தாரின் எதிர்பார்ப்பு ஆகிய உளவியல், சமூகக் காரணிகளும் இதில் பங்கு கொள்கின்றன.

எடை ஏற்றம் தோற்றம் தொடர்பான சிக்கல் மட்டும் அன்று. நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம், இதயநோய் ஆகியவற்றுக்கு இது வழிவகுக்கிறது. கடும் உளநோய் உடையோர் பொது மக்களைவிடச் சராசரியாக 10 முதல் 20 ஆண்டுகள் முன்னதாக இறக்கின்றனர் என்பது பல நாடுகளில் கண்டறியப்பட்டுள்ளது. இவ்விறப்புகளில் பெரும்பகுதி தற்கொலையால் நிகழ்வதன்று. இதயநோய் போன்ற உடல் நோய்களால் நிகழ்வதாகும். மேலும், எடை கூடுவதை விரும்பாத நோயாளிகள் மருந்தைத் தாமாகவே நிறுத்திவிடுவதும், அதனால் நோய் திரும்பி மீண்டும் மருத்துவமனையில் சேர்வதும் உண்டு.

இக்கட்டுரை இத்தலைப்பைப் பொதுவாகவும், தமிழ்நாட்டின் தேனி மாவட்டம், கம்பம் பள்ளத்தாக்கு ஆகியவற்றின் சூழலோடு பொருத்தியும் விளக்குகிறது.

அளவீடு

உடல் எடையை மதிப்பிட உடல் நிறைச் சுட்டெண் பயன்படுத்தப்படுகிறது. கிலோகிராமில் உள்ள எடையை, மீட்டரில் உள்ள உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் இது கிடைக்கும். பன்னாட்டு அளவில் 25-க்கு மேல் மிகை எடை என்றும், 30-க்கு மேல் உடற்பருமன் என்றும் கொள்ளப்படும். இந்தியர்களுக்கு ஒரே எடையில் வயிற்றுக் கொழுப்பும் நீரிழிவு இடரும் கூடுதலாக இருப்பதால், 2009-இல் வெளியான இந்திய மருத்துவர்களின் கருத்தொருமிப்பு அறிக்கை இவ்வெல்லைகளை 23 என்றும் 25 என்றும் குறைத்தது. 160 செ.மீ. உயரமுள்ள ஒருவருக்கு 59 கிலோவிலேயே மிகை எடையும், 64 கிலோவில் உடற்பருமனும் தொடங்குகின்றன.

இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. என்னும் எல்லையைத் தாண்டினால் இடர் கூடுதல் எனக் கொள்ளப்படும். மருந்து ஆய்வுகளில், தொடக்க எடையைவிட 7 விழுக்காடோ அதற்கு மேலோ கூடுவது குறிப்பிடத்தக்க ஏற்றமாக எண்ணப்படுகிறது. 50 கிலோ எடையுள்ளவருக்கு இது 3.5 கிலோ ஆகும்.

வரலாறு

சென்னையில் 1794-இல் தொடங்கப்பட்ட மனநோயாளர் காப்பகம், 1871-இல் கீழ்ப்பாக்கத்தில் இன்றுள்ள இடத்துக்கு மாற்றப்பட்டது. இதுவே 1922-இல் அரசு மனநோய் மருத்துவமனை என்றும், பின்னர் மனநலக் காப்பகம் என்றும் பெயர் பெற்றது. 19-ஆம் நூற்றாண்டில் உலகெங்கும் இத்தகைய காப்பகங்களில் நோயாளிகள் மெலிந்த நிலையிலேயே வந்து சேர்ந்தனர். ஆகவே எடை கூடுவது நலம் பெறுவதன் அடையாளமாகப் பதிவேடுகளில் குறிக்கப்பட்டது. செருமானிய உளமருத்துவர் எமில் கிரேப்பெலின், நோயின் தொடக்கத்தில் எடை குறைவதையும் பின்னர் அது வெகுவாக ஏறுவதையும் மருந்துகள் எவையும் இல்லாத காலத்திலேயே குறிப்பிட்டுள்ளார். எடை மாற்றத்துக்கு நோயும் சூழலும் காரணமாகலாம் என்பதற்கு இது பழைய சான்றாகும்.

1952-இல் குளோர்புரோமசின் பயன்பாட்டுக்கு வந்தபின் நிலைமை மாறியது. சங்கிலிகளும் பூட்டிய அறைகளும் குறைந்து, பலர் வீடு திரும்ப முடிந்தது. அதே வேளையில் மருந்தோடு எடை கூடுவதும் கவனிக்கப்பட்டது. 1989-இல் குளோசப்பின் ஐக்கிய அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. 1993-இல் ரிசுபெரிடோனும், 1996-இல் ஓலன்சப்பினும் தொடர்ந்தன. இரண்டாம் தலைமுறை மருந்துகள் எனப்படும் இவை கைகால் நடுக்கம், விறைப்பு ஆகிய பழைய பக்கவிளைவுகளைக் குறைத்தன. அதற்கு ஈடாக எடை ஏற்றம் முன்னிலைக்கு வந்தது.

இந்தியாவில் ஊட்டக்குறைவும் ஊட்டமிகையும் அடுத்தடுத்துக் காணப்படுகின்றன. தேசிய மனித உரிமை ஆணையம் 1999-இல் வெளியிட்ட அறிக்கை, அரசு மனநல மருத்துவமனைகள் பலவற்றின் உணவு, குடிநீர், கழிப்பிட வசதிகளில் உள்ள குறைகளைச் சுட்டியது. சில ஆண்டுகளில், அதே நாட்டில் ராஞ்சி மத்திய உளமருத்துவ நிறுவனத்தில், முதன்முறையாக நோயுற்றுச் சேர்க்கப்பட்டவர்களிடம் நடத்தப்பட்ட ஆய்வுகள், ஆறு வாரங்களுக்குள்ளேயே எடை குறிப்பிடத்தக்க அளவு ஏறுவதைக் காட்டின.

மருந்துகளின் பங்கு

1999-இல் அலிசனும் உடன் ஆய்வாளர்களும் பல ஆய்வுகளைத் தொகுத்து, பத்து வாரச் சிகிச்சையில் எதிர்பார்க்கக்கூடிய எடை மாற்றத்தைக் கணித்தனர்.

குளோசப்பின்: 4.45 கிலோ
ஓலன்சப்பின்: 4.15 கிலோ
குளோர்புரோமசின்: 2.58 கிலோ
ரிசுபெரிடோன்: 2.10 கிலோ
ஆலோபெரிடால்: 1.08 கிலோ
சிப்ரசிடோன்: 0.04 கிலோ

2005-இல் வெளியான கேட்டி எனப்படும் அமெரிக்கப் பெரும் ஆய்வில், ஓலன்சப்பின் எடுத்தவர்களில் 30 விழுக்காட்டினருக்கு எடை 7 விழுக்காடோ அதற்கு மேலோ கூடியது. லித்தியம், வால்புரோயேட் ஆகிய மனநிலைச் சீராக்கிகளும், மிர்ட்டசப்பின், அமிட்ரிப்டிலின் ஆகிய மனச்சோர்வு எதிர் மருந்துகளும் எடையைக் கூட்டக்கூடியவை.

இம்மருந்துகள் மூளையில் ஹிஸ்டமின் எச்1 ஏற்பி, செரொடோனின் 2சி ஏற்பி ஆகியவற்றைத் தடுக்கின்றன. இவ்விரண்டும் ஐப்போதலாமசுப் பகுதியில் பசியை அடக்கும் பணியில் ஈடுபடுபவை. அவை தடுக்கப்படும்போது, வயிறு நிறைந்த செய்தி மூளைக்கு உரிய வலுவுடன் எட்டுவதில்லை. டோபமின் ஏற்பிகள் தடுக்கப்படுவதால் உணவு தரும் இன்பத்தின் அளவீடும் மாறுகிறது. குளோசப்பினும் ஓலன்சப்பினும் இன்சுலின் சுரப்பை நேரடியாகவும் பாதிக்கக்கூடும். அதனால் எடை அதிகம் கூடாதவரிடமும் இரத்தச் சர்க்கரை உயரலாம். எவருக்கு எவ்வளவு கூடும் என்பதில் மரபணு வேறுபாடுகளுக்கும் பங்குண்டு.

உளவியல் காரணிகள்

பசியும் நிறைவுணர்வும்

உண்ணும் நடத்தையை அளவிட 1985-இல் சிடங்கார்டு, மெசிக்கு ஆகியோர் ஒரு வினாநிரலை உருவாக்கினர். இது மூன்று கூறுகளை அளக்கிறது: தாமே விதித்துக்கொள்ளும் உணவுக் கட்டுப்பாடு, அக்கட்டுப்பாடு தளர்தல், பசியுணர்வு. உளப்பிணி எதிர் மருந்து உட்கொள்வோரிடம் கட்டுப்பாடு தளர்தலும் பசியுணர்வும் கூடுதலாக இருப்பதை இத்தகைய கருவிகளைக் கொண்ட ஆய்வுகள் காட்டியுள்ளன. உணவு முடிந்து சிறிது நேரத்திலேயே மீண்டும் பசிப்பதாக நோயாளிகள் கூறுவது பொய்யோ பேராசையோ அன்று. அவர்கள் உணரும் பசி மெய்யானது. இதனைப் புரிந்துகொள்ளாது கண்டிப்பது, ஒளித்து உண்ணும் பழக்கத்துக்கு வழிவகுக்கும்.

உணர்வுவழி உண்ணல்

கவலை, தனிமை, அச்சம் ஆகியவற்றைத் தணிக்க உண்பது உணர்வுவழி உண்ணல் எனப்படும். பசியையும் மனக்கலக்கத்தையும் வேறுபடுத்தி அறிய இயலாமை இதன் அடிப்படை என்று இல்டே புரூக்கு 20-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் விளக்கினார். மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட ஒருவர், பல வேளைகளில் தம் விருப்பமின்றி, வீட்டையும் வேலையையும் விட்டு வந்திருப்பார். காதில் கேட்கும் குரல்கள் முற்றும் ஓய்ந்திருக்காது. அந்நிலையில் இனிப்பும் கொழுப்பும் நிறைந்த உணவு சிறிது நேர ஆறுதலைத் தருகிறது. ஆறுதல் விரைவில் தீர்ந்து, மீண்டும் உணவு நாடப்படுகிறது.

சலிப்பும் விடுதிச் சூழலும்

நீண்டகாலம் நிறுவனத்தில் தங்குவதே ஒருவித நோயை உண்டாக்குகிறது என்று இரசல் பார்ட்டன் 1959-இல் வெளியிட்ட நூலில் வாதிட்டார். முன்முயற்சி இன்மை, பணிவு, எதிலும் ஆர்வமின்மை ஆகியவற்றை அவர் அதன் அறிகுறிகளாகக் குறித்தார். எர்விங்கு காஃப்மன் 1961-இலும், விங்கும் பிரௌனும் 1970-இலும் இதே திசையில் எழுதினர். விங்கு, பிரௌன் ஆய்வு, நோயாளிகள் ஒன்றும் செய்யாது கழிக்கும் நேரத்துக்கும் அவர்களின் ஒதுங்கிய நிலைக்கும் உள்ள தொடர்பைச் சுட்டிக்காட்டியது.

வேலையோ பொழுதுபோக்கோ இல்லாத கூடத்தில் உணவு நேரமே நாளின் முதன்மை நிகழ்வாகிவிடுகிறது. காலைத் தேநீர், சிற்றுண்டி, மதிய உணவு, மாலைத் தேநீர், இரவு உணவு என்பனவே நாளைப் பிரிக்கும் கோடுகள். பசித்து உண்பதற்குப் பதிலாக, மணியடித்ததும் உண்பது வழக்கமாகிறது. உணவைத் தேர்ந்தெடுக்கும் உரிமையும் அளவைத் தீர்மானிக்கும் உரிமையும் நோயாளியிடம் இல்லை. வீடு திரும்பியபின் அவ்வுரிமை மீளும்போது, அதனைக் கையாளும் பழக்கம் குன்றியிருக்கும்.

ஊக்கமின்மையும் தூக்கமயக்கமும்

மனச்சிதைவு நோயின் எதிர்மறை அறிகுறிகளுள் ஊக்கமின்மையும் ஒன்று. குரல் கேட்டல், ஐயப்பிணி ஆகியன மருந்தால் குறைந்த பின்னும் இது நீடிக்கலாம். திட்டமிடல், நினைவாற்றல் ஆகியவையும் பாதிக்கப்படுவதால், நாள்தோறும் நடைப்பயிற்சி செய்ய வேண்டும் என்னும் எளிய அறிவுரையைக் கடைப்பிடிப்பதும் கடினமாகிறது. மருந்துகள் தரும் தூக்கமயக்கம் இதனோடு சேர்ந்துகொள்கிறது. இதனைச் சோம்பல் எனக் கருதுவது பொதுவான தவறான புரிதலாகும்.

உணவு என்னும் பரிசு

ஐக்கிய அமெரிக்காவின் இலினோய் மாநிலத்தில் உள்ள அன்னா அரசு மருத்துவமனையில் அய்லன், அசுரின் ஆகியோர் 1960களில் பரிசு வில்லை முறையை உருவாக்கினர். படுக்கையை ஒழுங்குபடுத்துதல் போன்ற செயல்களுக்கு வில்லைகள் தரப்பட்டன. அவற்றைக் கொடுத்து வேண்டிய பொருள்களையும் சலுகைகளையும் பெறலாம். பிற இடங்களில் முறைப்படுத்தப்படாத வடிவில், அமைதியாக இருப்பவருக்குக் கூடுதல் தேநீர் அல்லது பிஸ்கட்டு என இது தொடர்வதுண்டு. உணவை நன்னடத்தையின் கூலியாக்குவது நீண்ட காலத்தில் எடைக்கு எதிராகவே அமையும்.

புகைத்தலை நிறுத்துதல்

மருத்துவமனை வளாகத்தில் புகைத்தல் சட்டப்படி தடைசெய்யப்பட்டது. நிக்கோட்டின் பசியைக் குறைக்கும் பொருளாதலால், பீடி அல்லது வெண்சுருட்டை விட்டவருக்குப் பசி கூடும். வாயும் கையும் வேறொன்றை நாடும். இதற்கு மேலும் ஒரு விளைவு உண்டு. புகையில் உள்ள பொருள்கள் கல்லீரலில் குளோசப்பின், ஓலன்சப்பின் ஆகியவற்றைச் சிதைக்கும் நொதியைத் தூண்டுகின்றன. புகைத்தல் நின்றதும் அதே அளவு மாத்திரையில் இரத்தத்தில் மருந்தின் அளவு உயர்கிறது. ஆகவே சேர்க்கையின்போது புகைப்பழக்கத்தைக் கேட்டறிவதும், வீடு திரும்பி மீண்டும் புகைக்கத் தொடங்கினால் மருத்துவரிடம் தெரிவிப்பதும் தேவையாகும்.

தாகம்

லித்தியம் தாகத்தை உண்டாக்கும். வேறு சில மருந்துகள் வாயை உலரச் செய்யும். தாகத்துக்குத் தண்ணீர் குடிப்பவருக்கு எடை கூடுவதில்லை. சர்க்கரை சேர்த்த தேநீர், குளிர்பானம் ஆகியவற்றைக் குடிப்பவருக்குக் கூடும். தாகம் மருந்தின் விளைவு என்பதை நோயாளிக்கு முன்கூட்டியே விளக்குவது இதனைத் தவிர்க்க உதவும்.

எளிய கணக்கு

ஒரு கிலோ உடற்கொழுப்பு ஏறத்தாழ 7,700 கிலோகலோரி ஆற்றலுக்குச் சமம். ஒருவர் தம் தேவைக்கு மேல் நாளொன்றுக்கு 300 கிலோகலோரி கூடுதலாக உட்கொண்டால், 26 நாட்களில் 7,800 கிலோகலோரி சேரும். அதாவது மாதத்துக்கு ஏறத்தாழ ஒரு கிலோ கூடும். இரண்டு குவளை சர்க்கரை போட்ட பால் தேநீரும் ஐந்தாறு பிஸ்கட்டுகளும் இந்த 300 கிலோகலோரியைத் தந்துவிடும்.

கணக்கின் மறுபுறம் உழைப்பு ஆகும். நாள் முழுதும் வயலில் உழைத்தவர் கூடத்தில் படுத்திருக்கும்போது, உணவளவு மாறாவிட்டாலும் செலவாகும் ஆற்றல் பல நூறு கிலோகலோரி குறைந்துவிடுகிறது. இக்கணக்கு தோராயமானது. எடை கூடக்கூட உடலின் ஆற்றல் தேவையும் கூடுவதால், ஏற்றம் ஒரே சீராகத் தொடர்வதில்லை. எனினும் எடை ஏற்றத்துக்குப் பெருந்தீனி தேவையில்லை என்பதை இது தெளிவாக்குகிறது.

தேனி மாவட்டமும் கம்பம் பள்ளத்தாக்கும்

தேனி மாவட்டம் 1996-இல் மதுரை மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இதன் மக்கள்தொகை 12,45,899 ஆகும். மேற்குத் தொடர்ச்சி மலைக்கும் வருசநாட்டு மலைக்கும் இடையே கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர் வழியாக அமைந்துள்ள கம்பம் பள்ளத்தாக்கு, முல்லைப் பெரியாற்று நீரால் நெல், வாழை, திராட்சை, தென்னை ஆகியன விளையும் பகுதியாகும். போடிநாயக்கனூர் ஏலக்காய் வணிகத்துக்குப் பெயர் பெற்றது. பள்ளத்தாக்கிலிருந்து தொழிலாளர்கள் பலர் கேரளத்தின் இடுக்கி மாவட்ட ஏலத் தோட்டங்களுக்கு நாள்தோறும் சென்று வருகின்றனர்.

மாவட்டத்தில் தனி அரசு மனநல மருத்துவமனை இல்லை. தமிழ்நாட்டில் அரசு நடத்தும் அத்தகைய மருத்துவமனை கீழ்ப்பாக்கத்தில் மட்டுமே உள்ளது. உள்நோயாளிச் சிகிச்சைக்கு ஆண்டிபட்டி அருகே க.விலக்கில் உள்ள அரசு தேனி மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும், அடுத்த நிலையில் மதுரை அரசு இராசாசி மருத்துவமனையும் அணுகப்படுகின்றன. மாவட்டத் தலைமை மருத்துவமனை பெரியகுளத்தில் உள்ளது. மதுரையில் 1992-இல் தொடங்கப்பட்ட எம். எஸ். செல்லமுத்து அறக்கட்டளை தென்மாவட்டங்களில் மனநலப் பணி செய்யும் தன்னார்வ அமைப்புகளுள் ஒன்றாகும். நடுவண் அரசு 1996-இல் தொடங்கிய மாவட்ட மனநலத் திட்டம், தமிழ்நாட்டின் மாவட்டங்களுக்குப் படிப்படியாக விரிவுபடுத்தப்பட்டது.

இப்பகுதியின் வாழ்க்கைமுறை எடை ஏற்றத்தோடு பின்வரும் வழிகளில் தொடர்புறுகிறது.

முதலாவதாக, உழைப்பில் ஏற்படும் திடீர் மாற்றம். ஏலத் தோட்டச் சரிவிலும் திராட்சைப் பந்தலிலும் நெல் வயலிலும் உழைப்பவரின் உணவளவு அவ்வுழைப்புக்கு ஏற்றதாகும். நோயுற்றுக் கூடத்தில் சேர்ந்ததும் உழைப்பு ஒரே நாளில் நின்றுவிடுகிறது. உணவுப் பழக்கம் அவ்வளவு விரைவில் மாறுவதில்லை. வீடு திரும்பியபின்னும் மலைச்சரிவில் மயக்கம் வரலாம் என்னும் அச்சத்தால் குடும்பத்தார் வேலைக்கு அனுப்பத் தயங்குவதுண்டு.

இரண்டாவதாக, உடனிருக்கும் உறவினர். மேலைநாடுகளைப் போலன்றி, தமிழ்நாட்டின் பொது மருத்துவமனைகளில் நோயாளியுடன் ஒருவர் தங்கியிருப்பது வழக்கம். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையம் 1957 முதல் குடும்பத்தாரையும் உடன் தங்கச் செய்து சிகிச்சை அளித்து வருகிறது. இம்முறை நோயாளியின் தனிமையைக் குறைக்கிறது. அதே வேளையில் உணவுக்கான இரண்டாவது வழியையும் திறக்கிறது. மருத்துவமனை உணவோடு வீட்டுச் சோறும், பார்க்க வருவோர் கொண்டுவரும் ரொட்டி, பிஸ்கட்டு, சத்துமாவுப் பானம், வாழைப்பழம், திராட்சை ஆகியனவும் சேர்கின்றன. நோயாளியைக் காண வெறுங்கையோடு செல்லலாகாது என்பது மரபு. கொண்டுவந்ததை உண்ணாவிடில் வந்தவர் மனம் வருந்துவார் என்பதற்காகவே உண்பவரும் உளர்.

மூன்றாவதாக, எடை குறித்த பொருள்கோள். தமிழில் நோயிலிருந்து மீள்வதை 'உடம்பு தேறுதல்' என்பர். சதைப்பிடிப்பு நலத்தின் அடையாளமாகவும் மெலிவு துன்பத்தின் அடையாளமாகவும் காணப்படுகின்றன. உண்ணாமலும் உறங்காமலும் திரிந்த மகனோ மகளோ வேளைக்கு உண்டு எடை கூடுவது, பெற்றோருக்கு மருந்து வேலை செய்வதற்கான முதற் சான்றாகத் தோன்றுகிறது. பல நோயாளிகள் மெய்யாகவே ஊட்டக்குறைவோடு வருவதால், முதலில் கூடும் சில கிலோ நலம் தருவதாகவும் இருக்கலாம். எந்த இடத்தில் தேறுதல் முடிந்து பருமன் தொடங்குகிறது என்பதை எடைக்கருவியும் அளவுநாடாவும் கொண்டே அறிய முடியும்.

இதற்கு மாறான நம்பிக்கையும் நிலவுகிறது. மனநோய் மாத்திரை உடம்பை ஊதச் செய்யும் என்னும் பேச்சால் சிகிச்சைக்கு வரத் தயங்குவோரும், இடையில் நிறுத்துவோரும் உள்ளனர். திருமண வயதில் உள்ள பெண்களிடம் இத்தயக்கம் கூடுதலாகும். இரவிக்கை இறுகுவதே பலருக்கு முதல் அறிகுறி. ரிசுபெரிடோன் போன்ற மருந்துகளால் புரோலாக்டின் கூடி மாதவிடாய் தள்ளிப்போவதும் எடை ஏற்றத்தோடு சேரும்போது, ஊராரின் தவறான ஊகங்களுக்கு இடமாகலாம். இவற்றை மருத்துவர் முதல் நாளிலேயே எடுத்துரைப்பது மருந்தைத் தொடர்வதற்கு உதவும்.

விளைவுகள்

வயிற்றுக் கொழுப்பு, உயர் இரத்த அழுத்தம், உயர் சர்க்கரை, இரத்தக் கொழுப்புக் கோளாறு ஆகியவற்றில் மூன்றோ அதற்கு மேலோ ஒருங்கே காணப்படுவது வளர்சிதைமாற்றக் கூட்டறிகுறி எனப்படும். இது நீரிழிவுக்கும் மாரடைப்புக்கும் முன்னோடியாகும்.

உளவியல் விளைவுகளும் குறைந்தவையன்று. நோயால் வந்த களங்கத்தோடு பருமனால் வரும் கேலியும் சேர்கிறது. தன்மதிப்புக் குறைந்து, வெளியே செல்வதும் நடமாட்டமும் குறைகின்றன. எடை மேலும் கூடுகிறது. மருந்தை நிறுத்தினால் எடை குறையும் என்று எண்ணி நிறுத்துபவருக்கு நோய் மீள்கிறது. மீண்டும் சேர்க்கப்படும்போது கூடுதல் அளவு மருந்து தேவைப்படலாம்.

கண்காணிப்பு

அமெரிக்க நீரிழிவுச் சங்கமும் உளமருத்துவச் சங்கமும் பிற அமைப்புகளும் 2004-இல் வெளியிட்ட கருத்தொருமிப்பு அறிக்கை, இரண்டாம் தலைமுறை மருந்து தொடங்கும்போது பின்வருவனவற்றைப் பரிந்துரைத்தது.

எடை: தொடக்கத்திலும், 4, 8, 12-ஆம் வாரங்களிலும், பின்னர் மூன்று மாதங்களுக்கு ஒருமுறையும்.
இரத்த அழுத்தமும் வெறும்வயிற்றுச் சர்க்கரையும்: தொடக்கத்திலும், 12-ஆம் வாரத்திலும், பின்னர் ஆண்டுதோறும்.
இடுப்புச் சுற்றளவு: தொடக்கத்திலும், பின்னர் ஆண்டுதோறும்.
இரத்தக் கொழுப்பு: தொடக்கத்திலும், 12-ஆம் வாரத்திலும், பின்னர் குறிப்பிட்ட இடைவெளியிலும்.

எடை 5 விழுக்காடு கூடினால் வேறு மருந்துக்கு மாற்றுவதை எண்ணிப்பார்க்க வேண்டும் என்றும் அவ்வறிக்கை கூறியது. முதல் மாதத்திலேயே 5 விழுக்காடு கூடுவது, பின்னாளில் பெரும் ஏற்றம் வரும் என்பதற்கான வலுவான முன்னறிகுறி எனப் பின்வந்த ஆய்வுகள் காட்டின. உள்நோயாளியாக இருக்கும் நாட்களே இம்முதல் மாதமாக அமைவதால், கூடத்தில் ஒரு எடைக்கருவியும் வாரந்தோறும் நிரப்பப்படும் பதிவும் இருப்பது பெரும் பயன் தரும்.

தடுப்பும் சிகிச்சையும்

மருந்துத் தேர்வு: அரிப்பிப்பிரசோல், சிப்ரசிடோன், லுராசிடோன் ஆகியன எடையைக் குறைவாகவே கூட்டுகின்றன. ஆயினும் வேறு மருந்துகளுக்குக் கட்டுப்படாத மனச்சிதைவுக்குக் குளோசப்பினே பயன்மிக்கது. எடைக்காக அதனைக் கைவிடுவது எல்லாருக்கும் பொருந்தாது. மருந்தைத் தாமாக நிறுத்துவதோ மாற்றுவதோ தீங்கானது. இதனை மருத்துவரே முடிவு செய்ய வேண்டும்.

நடத்தைவழிச் சிகிச்சை: உணவுக் குறிப்பேடு, சிறு இலக்குகள், குழுவாக நடத்தல், மெல்ல உண்ணல், பசியையும் கவலையையும் வேறுபடுத்தி அறியப் பழகுதல் ஆகியன இதில் அடங்கும். ஐக்கிய அமெரிக்காவில் கடும் உளநோயுடைய 291 பேரிடம் நடத்தப்பட்டு 2013-இல் வெளியான ஆய்வில், உணவு ஆலோசனையும் குழு உடற்பயிற்சியும் பெற்றவர்கள் 18 மாத முடிவில் மற்றவர்களைவிடச் சராசரியாக 3.2 கிலோ குறைந்திருந்தனர். இவர்களுக்கு எடை குறைப்பது இயலாது என்னும் எண்ணம் சரியன்று என்பதை இது உணர்த்தியது.

துணை மருந்துகள்: சீனாவில் முதன்முறை நோயுற்ற 128 பேரிடம் நடத்தப்பட்டு 2008-இல் வெளியான ஆய்வில், 12 வாரங்களில் மெட்ஃபார்மினும் வாழ்க்கைமுறை மாற்றமும் சேர்ந்து பெற்றவர்கள் 4.7 கிலோவும், மெட்ஃபார்மின் மட்டும் பெற்றவர்கள் 3.2 கிலோவும், வாழ்க்கைமுறை மாற்றம் மட்டும் மேற்கொண்டவர்கள் 1.4 கிலோவும் குறைந்தனர். போலி மாத்திரை பெற்றவர்களுக்கு 3.1 கிலோ கூடியது. மெட்ஃபார்மின் விலை குறைந்த, ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் கிடைக்கும் மருந்தாகும். 2017-இல் வெளியான டென்மார்க்கு ஆய்வில் லிராகுளூட்டைடு ஊசியும் பயன் தந்தது. ஓலன்சப்பினோடு சாமிடோர்பன் சேர்ந்த மாத்திரை 2021-இல் ஐக்கிய அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது.

விடுதிச் சூழல் மாற்றம்: தேநீரில் சர்க்கரையைக் குறைத்தல், பிஸ்கட்டுக்குப் பதிலாகச் சுண்டல் வழங்கல், சோற்றுடன் காய்கறியைக் கூட்டல், மாலையில் நடை, தோட்டவேலை, கைவினை ஆகியன செலவு குறைந்தவை. வயலிலும் தோட்டத்திலும் உழைத்துப் பழகியவர்களுக்கு, உடற்பயிற்சி என்னும் பெயரில் தரப்படுவதைவிட, செடிக்கு நீர் ஊற்றுவது போன்ற பழகிய வேலை எளிதில் பொருந்தும்.

குடும்பத்துக்கு விளக்கல்: பார்க்க வருவோர் பிஸ்கட்டுக்குப் பதில் கொய்யா, வெள்ளரி போன்றவற்றைக் கொண்டுவரலாம். நோயாளியை அழைத்துக்கொண்டு சற்று நடப்பதும் பேசியிருப்பதும் அன்பின் வெளிப்பாடுகளே. தமிழ்நாடு அரசு 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின்கீழ் வீட்டுக்கே வரும் பணியாளர்களிடம் இரத்த அழுத்தம், சர்க்கரை ஆகியவற்றைச் சோதித்துக்கொள்ளலாம்.

சட்ட நிலை

2001 ஆகத்து 6 அன்று இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் தனியார் காப்பகம் ஒன்றில் ஏற்பட்ட தீயில், சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த நோயாளிகள் 28 பேர் இறந்தனர். இதன்பின் மனநலக் காப்பகங்களின் நிலை நாடு முழுதும் கவனம் பெற்றது. 2018-இல் நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017, உள்நோயாளிகளுக்குச் சத்தான உணவு, தூய்மையான சூழல், போதிய இடவசதி, பொழுதுபோக்கு வசதி ஆகியவற்றை உரிமையாக்கியது. மனநோயாளிகளை உடல்நோயாளிகளுக்கு இணையாக நடத்த வேண்டும் என்றும் இச்சட்டம் கூறுகிறது. ஆகவே மனநலக் கூடத்தில் எடை, சர்க்கரை, இரத்த அழுத்தம் ஆகியவற்றைக் கவனிப்பதும், நடமாட இடமளிப்பதும், மருந்தின் பக்கவிளைவுகளை விளக்குவதும் நோயாளியின் உரிமையின் பகுதிகளாகின்றன.

இவற்றையும் பார்க்க

மனச்சிதைவு நோய்
இருமுனையப் பிறழ்வு
உடல் நிறைச் சுட்டெண்
நீரிழிவு நோய்
தேனி மாவட்டம்
கம்பம் பள்ளத்தாக்கு
மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017